பரியம் போட்டவர் பெயரில் ஒரு பிள்ளை

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது தொண்ணூற்றேழில். அவள் தங்கை நான் அப்போது பத்தாம் வகுப்பு. மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம். குழந்தையைத் துடைத்து எங்கள் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் வெளியே வந்து, "அப்பா பேரு என்னங்க?" என்று கேட்டார். எங்கள் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் தேவனூர் நாட்டுக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார். கிராம நிர்வாக அலுவலரின் பிறப்புப் பதிவிலும் அந்தப் பெயரே ஏறியது.

அந்த மனிதர் குழந்தையின் தகப்பன் இல்லை. அது ஊருக்கே தெரியும். அப்பா பொய் சொல்லவில்லை என்பதும் ஊருக்கே தெரியும். வெளியாட்களுக்கு இதைச் சொன்னால் புரிவதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரக்கரை நாட்டில் இருக்கிறது. மலைக்கு மேலே பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அக்காவைச் சின்ன வயதிலேயே தேவனூர் நாட்டில் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் போடுவார்கள். கொஞ்சம் தானியம், ஒரு ஆடு, கையில் இருக்கிற பணம், இவ்வளவுதான். அக்காவுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. பிள்ளை உண்டாகும் முன்னே திரும்பி வந்துவிட்டாள். அப்படித் திரும்பி வருவதும், பிறகு வேறொருவரோடு வாழ்வதும் எங்கள் சனத்தில் பெரிய குற்றமில்லை. ஆனால் பரியம் முறைப்படி திரும்பிப் போகாத வரை அவள் பெறுகிற பிள்ளை, பரியம் போட்டவர் பிள்ளையாகவே எண்ணப்படும். அந்த மனிதரோ அதற்குள் வேறு பெண்ணைக் கட்டியிருந்தார். பரியத்தைத் தீர்க்க ஊர்க்கூட்டம் போட்டபோது, "மிளகு பறிக்கிற நேரத்துல ஆட்டப் புடிச்சுக் கட்டறதுக்கு எனக்கு எங்க நேரம்?" என்று வரவே இல்லை. அது அப்படியே நின்றுபோயிற்று.

பெற்றவர் இன்னொருவர். மலைமேலேயே செம்மேடு என்ற ஊரில் ஒரு விடுதிக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்க மேஸ்திரியோடு வந்தவர். இலங்கைக்காரர். சிறுவயதில் படகில் வந்து, கீழே ஆற்றோரம் இருந்த அகதி முகாமில் வளர்ந்தவர். அக்கா அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் தூக்கினாள். ஒரு வருடம் கழித்துக் கீழே ஒரு முருகன் கோயிலில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மாமாவால் மலையில் வந்து இருக்க முடியாது. முகாமில் கணக்கெடுக்கும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும், பெயரும் போகும். அனுமதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவரும் சும்மா இருக்கவில்லை. முகாம் அதிகாரியிடம் சொல்லித் தன் குடும்ப அட்டையில் மகள் பெயரைச் சேர்த்துவிட்டார். அவர் பெயருக்குக் கீழே மகள் பெயர். நாடு: இலங்கை.

ஆக, குழந்தைக்கு மலைக்கு மேலே ஒரு அப்பா, மலைக்குக் கீழே ஒரு அப்பா. ஐந்து வருடம் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவள் சாமைக் கொல்லையில் ஓடினாள், அன்னாசிப் பழத்துக்கு அழுதாள், எங்கள் எல்லோருக்கும் செல்லமாக இருந்தாள்.

இரண்டாயிரத்து இரண்டில் இலங்கையில் போர்நிறுத்தம் வந்தது. முகாம்களில் திரும்பிப் போக விருப்பமுள்ளவர்கள் யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அப்போது கீழே ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் அஞ்சாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அக்கா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, முகாம் அலுவலகத்தில் சொன்னதைச் சொன்னார்.

"நானும் பிள்ளையும் ஒரே அட்டையில இருக்கிறம். போறதெண்டால் ரெண்டு பேருக்கும் ஒண்டாப் பேப்பர் குடுப்பினமாம். நீ இந்தியாவாம். நீ பாஸ்போட் எடுத்து, விசா எடுத்து வரவேணுமாம்."

"எம்பட புள்ளைகூடப் போறதுக்கு நான் யாருகிட்டயோ கேட்டுட்டு வரோணுமா?"

"நான் போகப் போறன் எண்டு சொல்லேல்லை."

"உங்களக் கேக்கலீங்க. நாளைக்கு எல்லாரையும் கப்பல்ல ஏத்துன்னு மேல இருந்து சொன்னா?"

அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று மாமாவுக்கும் தெரியாது. அட்டையில் இருக்கிற பெயர் அட்டையோடு போகும் என்பது மட்டும் தெரியும்.

அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று அன்றைக்குத் தெளிவாயிற்று. அக்கா பெற்ற பிள்ளை அக்காவின் பிள்ளை, அக்காவின் நாட்டுக்காரி என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. இரண்டு காகிதம் இருந்தது. இரண்டிலும் ஆண் பெயர்தான் கணக்கு. அடுத்த ஜூன் மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் வேறு சேர்க்க வேண்டும்.

நானே கிளம்பி தாலுகா ஆபீஸுக்குப் போனேன். உண்மையை முழுதாகச் சொன்னால் வேலை நடந்துவிடும் என்று நினைத்து, பிறப்புச் சான்று, முகாம் அட்டையின் நகல் இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு அம்மா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை. மேஜைமேல் ஒரு பிளாஸ்க்.

"அப்பா சிலோனா? அப்ப பிள்ளையும் சிலோன்தானேம்மா."

"எங்க அக்கா இந்தியாங்கம்மா."

"அக்காவ யாரு கேட்டா? பொம்பளப் பிள்ள கட்டிட்டுப் போனா அவளும் புருஷன் நாடுதான்."

"கட்டிட்டுப் போகலீங்க. இங்கயேதான் இருக்கா."

அவர் சிரித்துவிட்டார். பிறகு பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்த தேவனூர் நாட்டுக்காரரின் பெயரை விரலால் தட்டினார்.

"இதுலதான் மலைக்காரர் பேரு இருக்கே. இத வச்சுப் பள்ளிக்கூடத்துல சேத்துரு. சாதிச் சான்று சுலபமாக் கிடைக்கும், ஹாஸ்டல் கிடைக்கும். அந்த முகாம் அட்டையில இருந்து பேர எடுக்கச் சொல்லிரு. எதுக்கு வம்பு?"

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் சுலபமான வழி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கல்யாணத்தோடு அக்காவின் நாடு மாறிவிடும் என்று அவர் சொன்னது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது?

கல்லூரி நூலகத்தில் சட்டப் புத்தகங்கள் இருந்த அலமாரியை யாரும் திறப்பதில்லை. நூலகர் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடியுரிமைச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். கல்யாணம் ஆனால் பெண்ணின் நாடு தானாக மாறும் என்று எங்கேயும் இல்லை. எண்பத்தேழாம் வருடத்துக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, தாய் தகப்பன் இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று இருந்தது. ஒருவர் என்றால் தாயாகவும் இருக்கலாம். அந்த இடத்தைப் பலமுறை படித்தேன். இன்னொன்றும் பார்த்தேன். வெளிநாட்டில் பிறக்கிற குழந்தைக்கு, தொண்ணூற்றிரண்டு வரை தகப்பன் இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை, தாய் மட்டும் இந்தியராக இருந்தால் கிடையாது. பிறகு திருத்தியிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே முந்தாநாள் வரை அப்படித்தான் இருந்திருக்கிறது என்றால், தாலுகா ஆபீஸ் அம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன?

அடுத்த ஞாயிறு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். இருக்கிற வழி இரண்டு என்று சொன்னேன். பிறப்புச் சான்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிள்ளை சந்தேகமில்லாமல் இந்தியா. ஆனால் சட்டப்படி மாமாவுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இல்லையென்றால் சான்றில் மாமா பெயரை ஏற்றித் திருத்தலாம். அப்போது அக்காவைக் கொண்டுதான் அவள் இந்தியா. அதை ஆபீஸில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கையில் இருப்பதும் போகும்.

அப்பா உடனே சொன்னார். "இருக்கறத எதுக்குக் கலைக்கோணும்? நம்ம முறைப்படியும் அதான் சரி."

மகள் மாமாவின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு நல்லதெண்டால் என்ர பேரை விடுங்கோ," என்றார். "எனக்கு ஒரு நாடும் இல்லை. என்ர பேரால அவளுக்கும் இல்லாமல் போகக் கூடாது. அப்பா எண்டு கூப்பிடுறதை ஆரும் பறிக்க ஏலாதுதானே."

அக்கா எழுந்தாள். கோபம் வந்தால் அவள் உட்கார்ந்து பேச மாட்டாள்.

"ஒருத்தரு பரியம் போட்டாருன்னு அவரு புள்ளைங்கறீங்க. ஒருத்தரு அட்டையில எழுதுனாருன்னு அவரு நாடுங்கறீங்க. வயித்துல சுமந்தவ நானு. நான் இந்தியாதானே? எம்புள்ளைக்கு நான் பத்தாதா?"

"பத்தும்னு சட்டத்துல இருக்குது அக்கா," என்றேன்.

"அப்பறம் என்ன? பெத்தவரு பேரே இருக்கட்டும். நாடு என்னைய வச்சுக் குடுக்கட்டும். கண்டவரு பேர வாடகைக்கு வாங்கி எம்புள்ளைய நான் வளக்க மாட்டேன்."

அப்பா முணுமுணுத்தார். அக்காவோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை.

அப்படியென்றால் முதலில் பரியத்தைத் தீர்க்க வேண்டும். ஆபீஸுக்கு அது தேவையில்லை, எங்களுக்குத் தேவை. அது தீராமல் தேவனூர் நாட்டுக்காரர் தான் தகப்பன் இல்லை என்று வந்து சொல்ல மாட்டார், ஊரும் ஏற்காது. அப்பாவும் நானும் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, எம்பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது. எனக்கு என்ன நட்டம்?" என்றார் அப்பாவிடம்.

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "உங்களுக்கு இல்லீங்க. எனக்கு நட்டம். நாளைக்கு அந்தப் புள்ள பெரிசாயி, காட்டுல பங்கு குடு, சீர் செய்யின்னு வந்து நிக்கும். எம்பட புள்ளைங்களே நாலு இருக்குது. போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஆட்ட இங்க கட்டீருங்க கண்ணு."

ஆட்டை அவளே அவிழ்த்து வாங்கிக் கட்டினாள். பல் பார்த்தாள். திருப்தியாக இருந்தது போல.

சான்றைத் திருத்தக் கேட்டு மனு போட்டேன். விசாரணைக்குக் கூப்பிட்டபோது நாங்கள் ஐந்து பேர் போனோம். அக்கா, மாமா, அப்பா, தேவனூர் நாட்டுக்காரர், நான். அதே அம்மாதான் விசாரித்தார். தேவனூர் நாட்டுக்காரரை முதலில் கூப்பிட்டார்.

"நீங்கதான் குழந்தைக்கு அப்பாவா?"

"பேருக்குங்க."

"பேருக்குன்னா?"

"பரியம் போட்டது நானுங்க. பெத்தது அவருங்க." மாமாவைக் கை காட்டினார். மாமா தலையாட்டினார்.

"பெக்காத பிள்ளைக்கு ஏன் உங்க பேரக் குடுத்தாங்க?"

"அப்ப பரியம் திரும்பலீங்களே. இப்பத் திரும்பிருச்சுங்க. நல்ல ஆடு. இனி அந்தப் புள்ளைக்கும் எனக்கும் ஒண்ணுமில்லீங்க. எழுதிக்குங்க."

அம்மா எழுதிக்கொண்டே வந்து, படித்துக் காட்டினார். தேவனூர் நாட்டுக்காரர் கேட்டுவிட்டு, "ஆட்ட உட்டுட்டீங்களே?" என்றார்.

"ஆட்டையெல்லாம் வாக்குமூலத்துல எழுத முடியாதுய்யா."

"எழுதலீன்னா நான் புள்ளைய சும்மா தூக்கிக் குடுத்துட்டேன்னு ஆயிருமுங்க. எங்கூர்ல என்னைய மதிக்க மாட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். கடைசியில் "எங்கள் வழக்கப்படி பரியம் திருப்பித் தரப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்தார். அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவர் கையெழுத்துக்குப் பதிலாக விரலை நீட்டினார்.

அடுத்தது நான் கொண்டுபோன சட்டப் பிரிவு. கையால் நகலெடுத்திருந்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை மடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"சரி. தாய் இந்தியரா இருந்தாப் போதும்னே வச்சுக்குவோம். தாய் இந்தியர்னு என்ன அத்தாட்சி?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இங்கயேதானுங்க பொறந்தேன்," என்றாள் அக்கா. "வேற எங்க போயிப் பொறப்பேன்?"

அவள் வீட்டில் பிறந்தவள். பதிவு இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்தோடு அப்பாவின் ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது யாரும் சேர்க்கவில்லை. ஓட்டுப் பட்டியலில் பெயர் இருந்தது. தேவனூர் நாட்டில், அந்த மனிதரின் மனைவி என்று.

"இதுலயும் அவர் பேருதானா?" என்றார் அம்மா.

"ஓட்டுப் போட எங்கூடத்தானுங்க வந்தா," என்று தேவனூர் நாட்டுக்காரர் உதவிக்கு வந்தார். "எந்தச் சின்னத்துல போட்டான்னுதான் இன்னிக்கு வரைக்கும் சொல்லலீங்க."

மாமாகூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. தன் பிள்ளைக்குத் தான் போதும் என்று நிற்பவளிடம், நீ யார் என்பதற்கே ஒரு ஆணின் பெயரைக் காட்டச் சொல்கிறார்கள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது என் பையில் என் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகல் இருந்தது. கல்லூரி வேலைகளுக்காக எப்போதும் வைத்திருப்பேன். அதில் அப்பா பெயர், ஊர், சமூகம், நாடு: இந்தியர். அதை எடுத்து வைத்தேன்.

"இவ எங்கூடப் பொறந்தவங்கம்மா. ஒரே அப்பா, ஒரே அம்மா. நான் இந்தியர்னு அரசாங்கம் எழுதியிருக்குது. அவள எழுதல, அவ்வளவுதான்."

"என்னைய எங்கிங்க எழுதறது?" என்றாள் அக்கா, எனக்கு முன்னால் நகர்ந்து. "நான் மாடு பத்திக்கிட்டுப் போனதாலதான் இவ பள்ளிக்கூடம் போனா. இவ இந்தியான்னா நானும் இந்தியா."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஓட்டுப் பட்டியல், என் சான்றிதழ், அப்பாவின் வாக்குமூலம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நூலில் கட்டினார். மேலே அனுப்ப வேண்டும் என்றார். நாங்கள் கிளம்பும்போது, "அந்தப் பிரிவ எந்தப் புத்தகத்துல பாத்தம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பல தடவை அலைந்தோம். கோப்பு ஒரு இடத்தில் கிடந்தது, பிறகு இன்னொரு இடத்தில் கிடந்தது. ஜூன் மாதம் வந்து பள்ளிக்கூடம் திறந்தே விட்டது. தலைமையாசிரியர் நல்லவர், "காகிதம் வரட்டும், பிள்ள வந்து உக்காரட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். மழைக்காலத்தில்தான் உத்தரவு வந்தது. பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் திருத்தப்பட்டது. பள்ளிப் பதிவேட்டில் நாடு என்ற இடத்தில் இந்தியர் என்று எழுதினார்கள். சாதிச் சான்று மட்டும் வரவில்லை. தகப்பன் மலைக்காரர் இல்லையே என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குத் தனியாக மனு போட்டிருக்கிறேன். விடுவதாக இல்லை.

மாமா இலங்கைக்குப் போகவில்லை. விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் இந்தியராவதற்கு வழி உண்டா என்று கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

உத்தரவின் நகலைக் கொடுத்ததும் முகாமில் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். இந்தியர்கள் முகாமில் இரவு தங்கக் கூடாது. பகலில் வரலாம், வாசலில் எழுதிவிட்டு வர வேண்டும், மாலைக்குள் போய்விட வேண்டும். அதுவரை அவள் விடுமுறைக்கெல்லாம் அப்பா வீட்டில் தூங்கியவள். நாங்கள் யாருமே இதை யோசித்திருக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு அடுத்த நாள் அக்காவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் காவலர் ஒரு புதிய ஆள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா யாரு?"

"அவரு மக," என்று அக்கா மாமாவின் வீட்டு எண்ணைச் சொன்னாள்.

"அவர் மகள்னா லிஸ்ட்ல இருக்கணுமே. இல்லையே."

"லிஸ்ட்ல இருக்க மாட்டாளுங்க. இந்தியாக்காரி."

"அப்பா அகதி, பிள்ள இந்தியாவா? அது எப்படிம்மா?"

மகள் இதற்குள் உள்ளே அப்பாவைப் பார்த்துவிட்டாள். கையை உதறிக்கொண்டு ஓடினாள். அவர் பாதி வழியில் வந்து தூக்கிக்கொண்டார். காவலர் தடுக்க எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"என்னைய வச்சுங்க," என்றாள் அக்கா. "அப்பன் பேரு அவருது. நாடு நான் குடுத்தது. ரெண்டையும் எழுதிக்குங்க."

நோட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அக்கா நகராமல் நின்றாள். கடைசியில் அவர் மாமாவின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டி, அக்காவின் பெயரையும் சின்ன எழுத்தில் எழுதினார்.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வெளிய வந்துரணும்," என்றார்.

"வாரோமுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே நடந்தாள்.